தனி அடுப்பு

ஜனவரி 8, திங்கள்

அபிராமம் வந்து சேர்ந்தேன். ரஹ்மத் அம்மா வீட்டு மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு குழாய், சுவரில் முன்பு இருந்தவர் அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணிகள். நான் கொண்டுவந்தது ஒரு பெட்டியும் ஒரு பையும். மற்ற சாமான்கள் துறையூரில், அண்ணன் வீட்டில், என் அறையில் இருக்கின்றன.

மூன்று மாத வேலை. கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஆறு ஊர்கள், அறுநூற்றுப் பத்து வீடுகள். வீடு வீடாகப் போய்க் கடும் வறுமையில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு எது குறைகிறது என்று கேட்டு எழுத வேண்டும். அந்தக் குறையை மூன்று வருடத்தில் நிரப்பி, ஒருவர்கூட மிச்சமில்லாமல் மேலே கொண்டுவர முடியுமா என்று சென்னையில் இருக்கும் நிறுவனம் அளந்து சொல்லும். உதவி செய்வது எங்கள் வேலை இல்லை. முடியுமா, முடியாதா என்று சொல்வது மட்டும்தான்.

ஒருங்கிணைப்பாளர் ஜெயந்துக்கு முப்பது வயது இருக்கும். பயிற்சியில் நல்ல உற்சாகமாகப் பேசினார். "வறுமைன்னா பெரிய கடல்னு நினைச்சு எல்லாரும் பயந்துடறாங்க மேடம். வீடு வீடா எண்ணிப் பாத்தா சின்ன ஏரிதான். பேர் தெரிஞ்சா முடிச்சிடலாம்."

எனக்கு இந்த வேலை இருபத்திரண்டு வருடப் பழக்கம். கால்நடை, குடிநீர், கழிப்பறை, கண்பார்வை என்று எல்லாவற்றையும் எண்ணியாகிவிட்டது. வறுமையை எண்ணுவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 11, வியாழன்

குடும்பம் என்றால் என்ன என்பதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லித் தூக்கத்திலும் ஒப்பிப்பேன்.

இன்று ஒரு வீட்டில் நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள், "நேத்து புதன்கிழமை. வெரதம்" என்றாள். முந்தின நாள்? அது செவ்வாய், அன்றைக்கும் விரதம். திங்கள் சோமவாரம். பதில்களைப் பதியக் கொடுத்திருக்கும் டேப்லெட்டில் விரதத்துக்குக் கட்டம் கிடையாது. 'ஒரு வேளை' என்று போட்டேன்.

துணி துவைத்தேன். தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவே இல்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். மூன்று நாள் விடுமுறை. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்று ஊருக்குப் போகவில்லை.

ரஹ்மத் அம்மா மேலே வந்து, "என்னம்மா, பொங்கலும் அதுவுமா இங்கனயே இருக்கிய, வீட்ல தேட மாட்டாகளா?" என்றார். வேலை பாக்கி இருக்கிறது என்றேன்.

அறையை இரண்டு தடவை பெருக்கினேன்.

ஜனவரி 20, சனி

அண்ணி போன் செய்தாள். பையன் பத்தாம் வகுப்பு, படிக்க இடம் இல்லை என்று என் அறையில் மேசை போட்டிருக்கிறார்களாம். "சும்மாதானே கெடக்குது அமிர்தம், நீ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டியே?" நான் என்ன நினைக்கப் போகிறேன். படிக்கிற பிள்ளை.

ஜனவரி 23, செவ்வாய்

கோரையேந்தல். தொண்ணூற்றாறு வீடுகள். ஊருக்குப் போகும் வழியெல்லாம் சீமைக்கருவேல், நடுநடுவே கரிமூட்டங்கள் புகைகின்றன.

பன்னிரண்டாவது வீடு சாத்தையா என்பவருடையது. தளம் போட்ட வீடு, வாசலில் மோட்டார் பைக். வெளியூரில் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வருகிறவர், இன்று இருந்தார். மனைவி பஞ்சவர்ணம், இரண்டு பெண் பிள்ளைகள். ரேஷன் அட்டையில் ஐந்தாவதாக ஒரு பெயர், இருளாயி.

"எங்க அக்கா. புருசன் செத்துப் பதினாலு வருசமாச்சு, எங்க கூடத்தான் இருக்கு" என்றார் சாத்தையா.

அந்த அம்மாள் அப்போது விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே, சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். கையெல்லாம் கரி. விதிப்படி அவளிடமும் கேட்டேன். "இங்கதான் சாப்பிடுறீங்களா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஞ்சவர்ணத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆமா. இங்கதான்" என்றாள்.

ஐந்து பேர், ஓர் அடுப்பு. கடும் வறுமை இல்லை. பதிவு செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஜனவரி 24, புதன்

இருபத்தொரு வீடுகள். செருப்பு வார் அறுந்துவிட்டது.

பிப்ரவரி 2, வெள்ளி

அடுத்த ஊரை முடித்துவிட்டு நடந்து வந்தேன். கோரையேந்தலுக்குப் பாதை பிரியும் விலக்கில் இரண்டரை மணி பஸ் போய்விட்டது. நிழல் தேடிக்கொண்டிருந்தபோது கரிமூட்டத்துப் பக்கமிருந்து ஒரு குரல்.

"என்ன தாயி, பஸ்ஸ விட்டுட்டியா? அடுத்தது அஞ்சு மணிக்குத்தான். இங்கிட்டு வந்து உக்காரு."

இருளாயிதான். மூட்டத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட கொட்டகை. அங்கே உட்கார்ந்தேன். மூட்டம் என்பது ஆள் உயர மண்மேடு. உள்ளே கருவேல விறகையும் தூரையும் அடுக்கி, மேலே மண் பூசித் தீயை வைத்துவிடுகிறார்கள். விறகு எரியக் கூடாது, வேக வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் அவ்வளவும் சாம்பலாகிவிடும். வெடிக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து மண் வைத்து அடைப்பதுதான் அவள் வேலை. ஒரு மூட்டத்துக்கு எட்டு நாள், பத்து நாள் காவல். அது முடிந்ததும் அடுத்த மூட்டம்.

பேசிக்கொண்டே மூட்டத்து ஓரச் சூட்டிலிருந்து இரண்டு பனங்கிழங்கைக் குச்சியால் இழுத்து எடுத்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். சாப்பிட்டேன். அவளுடைய மதியச் சாப்பாட்டில் பாதி அது என்று பிறகுதான் புரிந்தது.

"காலைல?"

"காலைல எங்க? கருப்பட்டிக் காப்பி."

"நேத்து?"

"நேத்தும் கெழங்குதேன். மாசி வரைக்கும் கெழங்கு கெடைக்கும்."

கொட்டகையில் மூன்று கல், ஒரு சட்டி, ஒரு தகரக் குவளை, கொடியில் ஒரு சேலை. காவலுக்கு வந்து படுக்கிறவர்கள் சேலையைக் கொடியில் போட்டு வைக்க மாட்டார்கள்.

ஐந்து மணிக்கு பஸ் வந்தது.

பிப்ரவரி 3, சனி

டேப்பைத் திறந்து சாத்தையா குடும்பத்தைப் பார்த்தேன். பூட்டிய பதிவு. ஒரு தடவை அனுப்பிவிட்டால் என்னால் மாற்ற முடியாது.

ஜெயந்துக்கு போன் செய்தேன். அவர் சொன்னதும் சரிதான். "அவங்களே இங்கதான் சாப்பிடறேன்னு சொல்லிருக்காங்களே மேடம். நாம பாத்ததை வெச்சு எழுத ஆரம்பிச்சா அப்புறம் அளவு கோணலாயிடும். அவங்களே மாத்திச் சொன்னா, நான் பதிவைத் திறந்து விடறேன்."

மதியம் சாதம் குழைந்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைப்பதில் தண்ணீர் அளவு எப்போதும் தப்புகிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

வேலையை ஒரு மணிக்கு நிறுத்திவிட்டு மூட்டத்துக்குப் போனேன். அரிசி கொண்டுபோகலாமா என்று யோசித்து, கூடாது என்று விட்டுவிட்டேன். கணக்கெடுப்பவர் எதையும் கொடுக்கக் கூடாது. நான்கு வாழைப்பழம் மட்டும் கொண்டுபோனேன். அது கொடுப்பதில் சேராது.

நேராகவே கேட்டேன். தம்பி வீட்டில் சாப்பிடுவதாக ஏன் சொன்னீர்கள்?

கொஞ்ச நேரம் மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள். "முன்னாடி போய்க்கிட்டுத்தேன் இருந்தேன். ஒரு நா போனேன், சோறு இப்பத்தேன் தீந்துச்சுன்னா பஞ்சவர்ணம். சரி, தீந்திருக்கும். மறுக்கா போனேன். அன்னைக்கும் இப்பத்தேன் தீந்துச்சு. நாலு தடவ போனேன், நாலு தடவையும் அப்பத்தேன் தீந்துச்சு. அஞ்சாவது தடவ எதுக்குத் தாயி போவணும்?"

"ரேஷன் அரிசி?"

"அட்ட அவன் பேர்ல. வாங்குறது அவுக."

"உங்களைத் தனிக் குடும்பம்னு எழுதினா, உங்களுக்குன்னு தனியா எல்லாம் வரும். அரிசி வரும், உதவித்தொகை வரும். வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா எழுதாட்டா வரவே வராது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் இரண்டும் புகையில் சிவந்திருந்தன.

"தனின்னா எழுதுவ?"

"ஆமா."

"வேணாம். தனின்னு எழுதிட்டியன்னா நாளைக்கு நான் செத்தா அவன் தூக்க வரமாட்டான். இப்ப வயித்துக்குத்தேன் இல்ல. ஆளு இருக்குன்னு பேராச்சும் இருக்கு."

பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

என் பெட்டி, புத்தகங்கள், அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் மாடி ஷெட்டுக்கு மாற்றிவிட்டதாக அண்ணி சொன்னாள். நனையாதாம்.

துறையூர்க் குடும்ப அட்டையில் என் பெயர் ஐந்தாவது. நான் வேலைக்காக வெளியூரில் இருப்பவள். அதற்கு விதியில் தனிக் குறியீடு இருக்கிறது. இருளாயி விஷயம் வேறு.

பிப்ரவரி 14, புதன்

அறுநூற்றுப் பத்து வீடுகளும் முடிந்தன. கடும் வறுமையில் ஐம்பத்தெட்டு குடும்பங்கள். ஜெயந்த் போனில் துள்ளிக் குதிக்காத குறை. "ஐம்பத்தெட்டு! ஒவ்வொண்ணுக்கும் என்ன குறைன்னு தெளிவா இருக்கு மேடம். மூணு வருஷம்கூட வேண்டாம். முடியும்னு தைரியமா எழுதலாம்."

நல்ல எண். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 16, வெள்ளி

யாரிடமும் சொல்லாமல் கோரையேந்தலுக்குப் போனேன். தொண்ணூற்றாறு வீடுகளின் பட்டியலில் புருஷன் இல்லாத, பெண்டாட்டி இல்லாத, நாற்பதுக்கு மேற்பட்ட பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டேன். பத்தொன்பது பேர். வீட்டில் வைத்துக் கேட்கவில்லை. காட்டில், கம்மாய்க்கரையில், ரேஷன் கடை வரிசையில், எங்கே தனியாகக் கிடைத்தார்களோ அங்கே கேட்டேன். ஒரே கேள்விதான். நேற்று எந்த அடுப்பில் சாப்பிட்டீர்கள்?

பத்துப் பேர் வீட்டு அடுப்பைச் சொன்னார்கள். முகத்தைப் பார்த்தாலே பொய்யில்லை என்று தெரிந்தது.

எட்டுப் பேர் வேறு சொன்னார்கள். ராக்கம்மா மகள் வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கஞ்சி காய்ச்சுகிறாள். சேதுராமு மகனின் மாட்டுக் கொட்டத்தில் இருக்கிறார், மாட்டுக்கு வாங்கும் பருத்திக்கொட்டையில் கொஞ்சம் அரைத்துப் பால் எடுத்துக் குடிப்பாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பத்தொன்பதாவது பெயர் இருளாயி. அவளிடம் மறுபடி கேட்கவில்லை.

எட்டுப் பேரும் பிரியும்போது ஒரே மாதிரி கேட்டார்கள். "என்னைய மாதிரி இந்த ஊர்ல வேற யாரும் இருக்காகளா?" ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. எனக்குத் தெரியாது என்றேன்.

பிப்ரவரி 17, சனி

ஜெயந்த் வரைவு அறிக்கையோடு வந்தார். பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் உட்கார்ந்து பேசினோம். எட்டுப் பெயர்களையும் முன்னால் வைத்தேன். அனுமதி இல்லாமல் போய்க் கேட்டது தப்புதான் என்றும் சொல்லிவிட்டேன்.

வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"எட்டு பேர் கூடறது பிரச்சினை இல்ல மேடம். ஆனா நாம எழுதியிருக்கிற உதவி எல்லாமே குடும்பத் தலைவர் கைக்குப் போகுது. இவங்க ஏழைன்னே வராத குடும்பத்துக்குள்ள இருக்காங்க. நம்ம திட்டம் முழுசா நடந்து முடிஞ்சாலும் இவங்க அப்படியேதான் இருப்பாங்க. நாம ஒழிச்சாச்சுன்னு அறிக்கை கொடுத்திருப்போம்."

"ஆமா."

"மத்த அஞ்சு ஊர்லயும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"ரெண்டு வாரம் வாங்கித் தரேன். ஆனா விதி தெரியுமில்ல? ஊர்க்கூட்டத்துல பேர் வாசிக்கணும். அவங்களே வந்து, நான் தனிதான்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணும். இல்லாட்டா சேர்க்க முடியாது."

கிளம்பும்போது, "உங்களுக்கு எப்படி மேடம் இது தோணுச்சு? நான் நூறு அட்டவணை பாத்திருக்கேன், கண்ணுல படவே இல்ல" என்றார்.

அனுபவம்தான் என்றேன்.

பிப்ரவரி 22, வியாழன்

இன்று ஆறு பேர். வெயில் ஏறிவிட்டது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஓர் அம்மாள் ஒரு மணி நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கேள்வி ஒன்றுதான் என்று சொல்லியும் விடவில்லை. என்ன பேசினாள் என்று எழுத உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. ஆட்டுக்குட்டி, மழை, பழைய பல்வலி. யாரும் கேட்காத பேச்சு சேர்ந்து போயிருந்தது.

அறைக்கு வந்த பிறகு, இன்று கேள்வியைத் தவிர நான் யாரிடமாவது ஏதாவது சொன்னேனா என்று பார்த்தேன். கண்டக்டரிடம் 'அபிராமம் ஒண்ணு'.

மார்ச் 3, ஞாயிறு

ஆறு ஊர்களிலும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். பெண்கள் முப்பத்தொன்று, ஆண்கள் பன்னிரண்டு. இருளாயியைச் சேர்க்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

கோரையேந்தல் விலக்கில் சாத்தையா பைக்கை நிறுத்திவிட்டு எனக்காகக் காத்திருந்தார். ஊருக்குள் யாரோ போனில் சொல்லி, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"ஏம்மா, எங்க அக்காளுக்கு நான் சோறு போடலன்னு எழுதிட்டுப் போறியளாமே?"

"அப்படி எழுதல."

"பெறகு எதுக்கு அந்தக் காட்டுக்குள்ள போயிப் போயி அதுகிட்ட பேசுறிய? நான் திங்கக்கெழம போனா சனிக்கெழமதான் வாரேன். வீட்ல யாரு என்ன செய்யிறான்னு சாரத்துல தொங்கிக்கிட்டா பாக்க முடியும்? ரெண்டு பொம்பளப் புள்ள வச்சிருக்கேன். நாளைக்கு எவன் எங்க வீட்ல பொண்ணு எடுப்பான், கூடப் பொறந்தவளப் பட்டினி போட்டவன்னு பேரு வந்தா?"

குரல் உடைந்தது. கோபக்காரர் இல்லை, அவமானப்பட்டவர். உங்கள் அக்கா உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை என்றேன். உண்மைதான். அதைக் கேட்டதும் அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது. பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 9, சனி

கோரையேந்தல் கூட்டம். பள்ளிக்கூடக் கட்டடத்தில், காலை பதினொரு மணிக்கு. நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஜெயந்தும் சென்னையிலிருந்து வந்திருந்தார். ஊராட்சிச் செயலர் முதலில் ஏழு குடும்பங்களின் பெயர்களை வாசித்தார். சலசலப்பு இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஏழைகள்.

பிறகு நான் எழுந்தேன். ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பு தனியாக இருந்தால் தனிக் குடும்பம் என்று விதியைச் சொன்னேன். இது யார் மேலும் குற்றம் சொல்வது இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். பேர் வாசித்ததும் விருப்பம் இருந்தால் கை தூக்கலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருந்துவிடலாம் என்றேன்.

வாசிக்கச் சம்மதித்திருந்த எட்டுப் பேரில் முதல் பெயர் ராக்கம்மா. கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அவள் மகள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ராக்கம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள். காதளவுதான் தூக்கினாள்.

அடுத்தது சேதுராமு. எழுந்தே நின்றுவிட்டார். மூன்றாவது, நான்காவது. கை தூக்கியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு பார்வையைப் பார்த்ததில்லை. ஒரே தெருவில் முப்பது வருடம் இருந்தவர்கள், நீயுமா என்று பார்த்துக்கொண்டார்கள்.

எட்டுப் பெயர்களும் முடிந்தன. எட்டுப் பேரும் கை தூக்கினார்கள். தாளை மடித்தேன்.

"எம்பேர ஏன் வாசிக்கல?"

பின்வரிசையில் கதவோரம் இருளாயி நின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். கையில் மட்டும் கரி போகவில்லை.

சாத்தையா எழுந்தார். "அக்கா, பேசாம உக்காரு."

"நீ உக்காருடா." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நான் ஒருத்திதேன் இப்பிடின்னு நெனச்சுக்கிட்டு அந்தக் காட்டுக்குள்ள கெடந்தேன். என்னமோ நம்ம தலையெழுத்து, வெளிய தெரிஞ்சா கேவலம்னு. இங்கன எட்டுப் பேரு கையத் தூக்குறாக. நான் எதுக்கு ஒளியணும்?"



என் பக்கம் திரும்பினாள். "தாயி, எழுதிக்க. எந்தம்பி சோறு போடலன்னு எழுதாத. அவன் சம்பாரிச்சு ரெண்டு பொம்பளப் புள்ளயக் கரையேத்தணும். நான் தனியா இருக்கேன். அத மட்டும் எழுது."

எழுதினேன். அவள் ரேகை வைத்தாள். மை தேவைப்படவில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனால் கரியும் மையும் சேர்ந்து படிந்தன.

சாத்தையா கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார். பஞ்சவர்ணம் வரவே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

காலையில் சாத்தையா தன் அக்காவின் பெட்டியையும் பாயையும் பைக்கில் கொண்டுவந்து மூட்டத்தடியில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராம். செயலர் போனில் சொன்னார்.

இதற்கு நான் காரணம் இல்லை என்று மூன்று வாக்கியம் எழுதினேன். மூன்றையும் அடித்துவிட்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

அண்ணன் பேசினார். வழக்கமாக அண்ணிதான் பேசுவாள். திருச்சியில் ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்கள், ஏப்ரலில் குடி போகிறார்கள். துறையூர் வீட்டை விற்றாகிவிட்டது. இரண்டு படுக்கையறைதான். "நீ வந்தா ஹால்ல படுத்துக்கலாம் அமிர்தம். ஹால் பெருசு."

ஹால் பெரிதாம். காற்றும் நன்றாக வருமாம்.

மார்ச் 14, வியாழன்

ஜெயந்த் போன் செய்தார். ஐம்பத்தெட்டும் நாற்பத்து நான்கும் சேர்ந்து நூற்றிரண்டு. "மூன்று வருடத்தில் முடியும்" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டார்களாம். முடியும், ஆனால் குடும்பம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு ஆள் ஆளாக எண்ணினால்தான் முடியும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று இப்போது சொல்ல இயலாது என்று எழுதியிருக்கிறார்.

"மேல இருக்கறவங்களுக்குப் பிடிக்கல மேடம். முடியும்னு ஒரு வார்த்தைதான் அவங்களுக்கு வேணும். ஆனா நான் மாத்த மாட்டேன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அடுத்த ஆய்வுக்கு உங்க பேரைத்தான் சொல்லிருக்கேன். இன்னும் முடிவாகல."

முடிவாகல என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் சின்னப் பிள்ளை, அவருக்குத்தான் சொல்லக் கூச்சம். பரவாயில்லை, நீங்கள் செய்தது சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மார்ச் 18, திங்கள்

டேப்பையும் அடையாள அட்டையையும் கூரியரில் அனுப்பிவிட்டு மூட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை அரிசியும் பருப்பும் கொண்டுபோனேன். இனி நான் கணக்கெடுப்பவள் இல்லை.

மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். இருளாயியோடு ராக்கம்மாவும் இருந்தாள். பகலில் இங்கேயே வந்துவிடுகிறாளாம். மூன்று கல் அடுப்பில் ஒரு பெரிய சட்டி வெந்துகொண்டிருந்தது. சேதுராமுவுக்கும் சேர்த்துத்தான் என்றாள் ராக்கம்மா. விதிப்படி இப்போது இவர்கள் மூன்று பேரும் ஒரு குடும்பம். அதைச் சொல்ல டேப் என்னிடம் இல்லை.

அட்டைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். வருமா என்று இருளாயி கேட்டாள். தெரியவில்லை, ஆனால் மாதம் ஒரு தடவை செயலரிடம் எட்டுப் பேரோடு சேர்ந்து போய்க் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள் என்றேன்.

"தம்பி வந்தாரா?"

"இல்ல. சின்னவ மட்டும் பள்ளிக்கூடம் போறப்ப இப்பிடிக் கையக் காட்டிட்டுப் போறா." ஒரு கரிக்கட்டையை உதறிக் கூடையில் போட்டாள். "அவன் வரமாட்டான் தாயி. எனக்குத் தெரிஞ்சுதேன் கையத் தூக்குனேன். தூக்க நாலு ஆளு வேணும், அம்புட்டுத்தேன? ஒம்போது பேரு இருக்கோம்."

"அதுல நாலு பேத்துக்கு முட்டுவலி" என்றாள் ராக்கம்மா.

"மிச்ச ஆளு போதும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த மூன்று மாதத்தில் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். கிளம்பும்போது இருளாயி கேட்டாள். "இனி எந்த ஊருக்குப் போற?"

துறையூர் என்று சொல்ல வாயெடுத்தேன். பழக்கம். "தெரியல" என்று வந்தது.

"வீடு?"

"அண்ணன் வீட்ல இருந்தேன். அது இப்ப இல்ல."

"அண்ணன் இருக்காகல்ல?"

"இருக்காங்க. ஹால் இருக்கு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவம் என்று சொல்லவில்லை. தலையில் கை வைக்கவில்லை. ரொம்பச் சாதாரணமாக, ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஊரப் பூரா எழுதுனியே, உன்னைய யாரு எழுதுறது?"

பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறினேன்.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் கீழே போய், இந்த அறையை இன்னும் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ரஹ்மத் அம்மாவிடம் கேட்டேன். "தாராளமா இரும்மா, ஆள் இருந்தா எனக்கும் ஒரு தைரியம்" என்றார். வேலை ஏதாவது இருக்கிறதா என்று பக்கத்துத் தெருவில் இருக்கும் டியூஷன் சென்டரில் விசாரித்தேன். கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு அண்ணனுக்கு போன் செய்தேன்.

"என் சாமானையெல்லாம் நானே வந்து எடுத்துக்கறேன் அண்ணா. அட்டையிலேர்ந்தும் என் பேரை எடுத்துடுங்க. நான் இங்க தனியா போட்டுக்கறேன்."

"ஏன், என்னாச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. இங்க வீடு பாத்துட்டேன்."

"நீயே பாத்துக்கிட்டியா... சரிம்மா. சரி, உனக்கு எது வசதியோ" என்றார்.

பாரம் இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சு அந்தக் குரலில் இருந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்கு அந்த மூச்சு தெளிவாகக் கேட்டது. இதற்கு முன்னும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது, ஒரு தடவைகூட இந்த நோட்டில் எழுதியதில்லை. இன்று எழுதிவிட்டேன்.